டின்னி ஃபேஹி எந்த வருஷத்தில் நின்றான்

டின்னி ஃபேஹியைப் பற்றி எங்கள் ஹார்விக் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். ஆட்டத்தை விற்றவன் என்பார் ஒருவர். இந்த ஊருக்கு வாய்த்த ஒரே உருப்படியான கேட்சர் என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே சாராயக் கடையில் ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் சொல்வார்கள். அவனுக்கு இரண்டு வருஷம் சாப்பாடு போட்டவள் நான். பெயர் ஹனோரா கீனன். புருஷன் போன பிறகு ஆற்றங்கரைத் தெருவில் விடுதி நடத்துகிறேன். பேஸ்பால் ஆடுகிறவர்களை வேறு எவளும் வீட்டில் சேர்க்காத காலத்தில் சேர்த்தவள். எனக்கே அந்த சனிக்கிழமையை நினைத்தால் தலைகால் புரிவதில்லை. புரிந்த வரைக்கும் சொல்கிறேன். புரியாததை மற்றவர்கள் மாதிரி நிரப்பிக்கொள்ள மாட்டேன்.

டின்னி கால்வாய்க்கரைப் பிள்ளை. அப்பன் படகு இழுக்கும் கோவேறு கழுதைகளோடு நடந்தே செத்தான். அம்மா காகித ஆலையில் கந்தல் பிரிக்கிற கூடத்தில் இருந்தாள். டின்னியும் அங்கேதான் வேலைக்குப் போனான். மேல் தளத்திலிருந்து கந்தல் மூட்டைகளை எறிவார்கள், கீழே நிற்கிறவன் பிடித்துத் தள்ளுவண்டியில் அடுக்க வேண்டும். மூட்டைக்குள் பொத்தான் இருக்கும், ஊசி இருக்கும், சில நேரம் இஸ்திரிப் பெட்டியின் உடைந்த கைப்பிடிகூட இருக்கும். மற்றவர்கள் ஒதுங்கி நின்று, விழுந்த பிறகு எடுப்பார்கள். இவன் ஒருத்தன்தான் காற்றிலேயே பிடிப்பான். அதை ஒருநாள் எங்கள் அணியின் கேப்டன் லாலர் பார்த்தார். மறு வாரம் டின்னி ஆலைக்குப் போகவில்லை, மைதானத்துக்குப் போனான். அதற்கு அடுத்த நாள் லாலர் அவனை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மிஸஸ் கீனன், இவன் நிறையச் சாப்பிடுவான், ஆனா குறை சொல்ல மாட்டான்.”

“அடுத்தவங்க தட்டுல கை வைப்பானா?”

“வைக்கமாட்டான்னு நினைக்கறேன். வைச்சா ஒரு தட்டு தட்டுங்க, அந்தக் கைக்குப் பழக்கம்தான்.”

அந்தக் கை! கேட்சர் என்றால் அடிக்கிறவனுக்குப் பின்னால் நின்று, அவன் விட்டதையும் உரசி விட்டதையும் வெறுங்கையால் பிடிக்கிறவன். ஒரு கோடைக்குள் டின்னியின் விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றன. கட்டை விரல் வீங்கி, நகம் கறுத்து, முள்கரண்டியைப் பிடிக்க முடியாமல் மாட்டிறைச்சியோடு மல்லுக்கட்டுவான். நான்தான் அவன் தட்டை இழுத்து வெட்டிக் கொடுப்பேன். முகத்துக்குக் கம்பிக் கூடு ஒன்று வந்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நின்றால் கூட்டம் “எலிப்பொறி, எலிப்பொறி” என்று கத்தும். ஒருநாள் போட்டுப் பார்த்தான், மறுநாள் அதை என் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டான். முட்டை வைக்க நன்றாக இருந்தது. எனக்கு அப்போதே கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நானும் சிரித்தேன்.

இப்போது இந்த ஆட்டத்தின் பெரிய கிறுக்குத்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் டின்னியைச் சொல்ல முடியாது. குளிர்காலம் வந்தால் ஒரு ஹோட்டலில் பெரிய மனிதர்கள் கூடுவார்கள், சுருட்டுப் பிடிப்பார்கள், சட்டத்தை மாற்றிவிட்டுப் போவார்கள். அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனால் அது ஃபவுல். ஃபவுல் பந்தை அந்தரத்தில் பிடித்தால் அடித்தவன் அவுட். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தரையில் ஒரு குத்து குத்தி எழும்பியதைப் பிடித்தால்? ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டில் அவுட். எழுபத்தொன்பதில் ‘அது ஆண்பிள்ளை ஆட்டம் இல்லை’ என்று எடுத்துவிட்டார்கள், அவுட் இல்லை. எண்பதில் அடித்துக்கொண்டே இருக்கிறான்கள், ஆட்டம் முடியவே மாட்டேன் என்கிறது என்று திரும்பக் கொண்டுவந்தார்கள், மறுபடியும் அவுட். அந்த வசந்த காலம் முழுக்க ஊரில் பாதிப்பேருக்குப் புதுச் சட்டம் தெரியும், பாதிப்பேருக்குப் பழைய சட்டம் தெரியும், எல்லாருக்கும் உரக்கக் கத்தத் தெரியும்.

எண்பதில் லாலர் இல்லை. அவர் இடத்துக்கு ஸ்ட்ரவுட் என்பவன் கேப்டனாக வந்திருந்தான். ஸ்ட்ரவுட் எதற்கெடுத்தாலும் அம்பயரிடம் ஓடிவந்து கத்துவான். மழை வந்தாலும் அம்பயரைத்தான் கேட்பான்.

அம்பயர் எஸ்ரா விட்லாக். நிலக்கரிக் கிடங்கில் எடை போடுகிறவர். எடையில் நேர்மையானவர் என்பதால் அம்பயர் ஆக்கினார்கள் என்று ஊர் சொல்லும். அது இல்லை. அந்த மனிதர் யாரிடமும் எதையும் தீர்மானமாகச் சொன்னதே கிடையாது, அதனால் அவருக்கு எதிரியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறுப்புத் தொப்பியா பழுப்புத் தொப்பியா என்பதையே அவர் மனைவி ஹல்டாதான் முடிவு செய்வாள். தராசு முள் ஒரு பக்கம் சாய்ந்தால் சரி, அவருக்கு நிம்மதி. மனிதர்கள் இரண்டு பக்கமும் சாய்ந்தால் வேர்த்துக் கொட்டும்.

அந்த சனிக்கிழமை லின்டன் அணி வந்திருந்தது. ஜெயித்தால் எங்கள் அணி அடுத்த வருஷமும் லீகில் இருக்கும். தோற்றால் இருக்காது என்று ஆலை முதலாளி ப்ரெண்டிஸ் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அணியை நடத்துகிற சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வண்டிகளெல்லாம் வேலியோரம் நின்றன. கயிற்றுக்குப் பின்னால் கூட்டம் தோளோடு தோள். நான் என் மடக்கு நாற்காலியோடு டின்னிக்குப் பின்பக்கமாக, கயிற்றை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். எப்போதும் அங்கேதான் உட்காருவேன்.

இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு ஃபவுல் பந்து குத்தி எழும்பியது. டின்னி பாய்ந்து பிடித்தான், “அவுட்!” என்று அவனே கத்தினான். எஸ்ராவும் அவுட் என்றார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஊரே இதை நினைவில் வைத்துக்கொண்டது.

எட்டாவது இன்னிங்ஸில் லின்டன்காரன் ஒருவன் அப்போதைய சட்டப்படி ‘தாழ்வாப் போடு’ என்று கேட்டு வாங்கி, அதையும் சரியாக அடிக்காமல் உரசினான். பந்து நேராக டின்னியின் நெற்றிப் பொட்டில் போய் இடித்தது. மரத்தில் கோடாலி விழுந்த சத்தம் கேட்டது. டின்னி உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். யாரோ வினிகர் நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினார்கள். கூட்டம் கைதட்டியது. கேட்சருக்கு அடிபடுவதும் கூட்டம் கைதட்டுவதும் எங்களுக்கு வாரா வாரம் நடக்கிறதுதான். மாற்று ஆளுக்குக் கட்டை விரல் பிளந்து கிடந்தது. டின்னி மீண்டும் நின்றான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். லின்டனுக்கு இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் ஓடி வரத் தயாராகப் பேஸில் நிற்கிறார்கள். ஒருத்தனை அவுட் ஆக்கினால் ஆட்டம் எங்களுடையது. அடிக்கிறவன் மட்டையை வீசினான். பந்து பின்பக்கமாக எழும்பிக் கயிற்றைத் தாண்டி வந்தது. டின்னி தொப்பி பறக்க ஓடிவந்து கூட்டத்துக்குள் புகுந்தான். ஒரு பாதிரியார் விழுந்தார். ஒரு கூடை அவித்த வேர்க்கடலை கவிழ்ந்தது. என் காலடியில் பந்து ஒரு குத்து குத்தியது, டின்னியின் அந்தக் கோணல் விரல்கள் அதைச் சுற்றி மூடின. நான் தெளிவாகப் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்க முடியாது, எல்லாரும் பாதிரியாரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்ராவுக்கு எதுவும் தெரியவில்லை. அம்பயருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் நின்றவர்களைக் கேட்கலாம், அப்போது அது சட்டம்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“யாராவது பாத்தீங்களா?”

“அந்தரத்துல பிடிச்சான்!” என்று பார்க்காதவர்களெல்லாம் கத்தினார்கள்.

“மிஸஸ் கீனன், நீங்க சொல்லுங்க.”

“ஒரு குத்து குத்திச்சு மிஸ்டர் விட்லாக். அப்புறம் பிடிச்சான்.”

கூட்டம் என்னைப் பார்த்த பார்வையில் என் தொப்பியில் இருந்த காகிதப் பூகூட வாடியிருக்கும். ஆனால் அதனால் ஒன்றும் கெடவில்லை, அந்த வருஷம் ஒரு குத்து என்றாலும் அவுட்தான். எஸ்ராவும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் டின்னி பந்தை அவரிடம் நீட்டினான்.

“அவங்க சொல்றது சரிதான் மிஸ்டர் அம்பயர். குத்திச்சு. அவுட் இல்ல.”

“அவுட் இல்லையா?”

“குத்தினா எப்படிங்க அவுட்?”

ஸ்ட்ரவுட் ஓடிவந்தான். “என்னடா உளர்றே? மிஸ்டர் அம்பயர், அவுட்டு, அவுட்டு!”

“அந்த ரூலத்தான் எடுத்துட்டாங்களே!” என்றான் கூட்டத்தில் நின்ற ஊர்க் கொல்லன்.

“எடுத்ததைத் திரும்ப வெச்சுட்டாங்கடா, மாட்டுத்தலையா!”

“எப்ப வெச்சாங்க?”

“நீ எப்பவும்போல தூங்கறப்ப!”

பாதிரியார்கூட எழுந்து நின்று, முழங்கால் புழுதியைத் தட்டிக்கொண்டு, எழுபத்தெட்டில் எப்படி இருந்தது என்று யாரும் கேட்காமலே விளக்க ஆரம்பித்தார். கூட்டத்துக்குள் மூன்று வருஷங்களும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. எஸ்ரா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நடுவில் நின்றார். கடைசியில் டின்னியைப் பார்த்தார். டின்னியின் முகத்தில் மட்டும் குழப்பமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற பிள்ளை மாதிரி தெளிவாக இருந்தது.

“அவுட் இல்லை!” என்றார் எஸ்ரா.

அடுத்த பந்தை லின்டன்காரன் வேலி வரைக்கும் அடித்தான். பேஸில் இருந்த இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். எங்கள் முறை வந்தது, ஒன்றும் தேறவில்லை, ஆட்டம் போயிற்று. லீகும் போயிற்று.

மைதானத்தை விட்டு வெளியே வருவதற்குள் அந்த வார்த்தை பிறந்துவிட்டது. வித்துட்டான். மூன்று வருஷம் முன்னால் தெற்கே ஓர் ஊரில் நாலு பேர் ஆட்டத்தை விற்றுப் பிடிபட்டு, ஆயுசுக்கும் எந்த அணியிலும் ஆடக்கூடாது என்று துரத்தப்பட்டிருந்தார்கள். அதிலிருந்து ஒருத்தன் கையிலிருந்து பந்து நழுவினால்கூட ஊர் அவன் சட்டைப் பையைத்தான் பார்க்கும். இவனோ பிடித்த பந்தையே வேண்டாம் என்று சொன்னவன். இரண்டாவது இன்னிங்ஸில் அவுட் என்று கத்தியவன், ஒன்பதாவதில் அவுட் இல்லை என்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார்கள்.  நானும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், சீ, இவனா, இவனா என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் மேலே சத்தம். பெண்களின் இடுப்புக் கச்சை விற்கிற மிஸ்டர் டட்டில் என்பவர் பின்பக்க அறையில் இருந்தார். அவர் உள்ளாடையோடு மாடிப்படி மேலே நின்று கத்தினார்.

“மேடம்! இந்த ஆள் என் படுக்கையில பூட்ஸோட படுத்துக்கிட்டு என்னை யாருன்னு கேக்கறான்!”

போய்ப் பார்த்தேன். டின்னி டட்டிலின் கட்டிலில் சாய்ந்து கிடந்தான். சுற்றிலும் கச்சைகள் பரப்பிக் கிடந்தன. அவன் அவற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“மிஸஸ் கீனன், என் ரூம்ல யாரோ பொம்பளை சாமானையெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க.”

“இது உன் ரூம் இல்லடா. நீ முன்பக்க ரூமுக்குப் போய் ஆறு மாசமாச்சு.”

“எப்ப போனேன்?”

விளையாடுகிறானோ என்று பார்த்தேன். விளையாடவில்லை. பின்பக்க அறையில் அவன் எழுபத்தொன்பதில் இருந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன், டட்டில் உள்ளாடையோடு நிற்பதுகூட மறந்துபோயிற்று. ஒன்பதாவது இன்னிங்ஸில் அவன் எந்த வருஷத்தில் நின்றுகொண்டு அந்தப் பந்தைப் பிடித்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷத்தில் ஒரு நேர்மையான கேட்சர் என்ன சொல்லியிருப்பானோ அதைத்தான் இவன் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது, எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சி குடிக்கும்போது நன்றாகத்தான் இருந்தான். அது எண்பதாம் வருஷம் என்று தெரிந்தது. லின்டனிடம் தோற்றது தெரிந்தது. அவுட் இல்லை என்று தான் சொன்னது மட்டும் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. திங்கட்கிழமை வங்கிக்கு மேலே உள்ள கூடத்தில் விசாரணை என்று ப்ரெண்டிஸிடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

“டின்னி, நேரா போய் சொல்லிடு. தலையில அடிபட்டுச்சு, எந்த வருஷம்னே தெரியலேன்னு. நானும் வந்து சொல்றேன். டட்டிலும் சொல்வாரு, அவருக்கும் ஒரு கச்சை நசுங்கியிருக்கு.”

“வேணாம் மிஸஸ் கீனன்.”

“ஏன் வேணாம்?”

“தலை கலங்கினவன்னு பேர் வந்தா எந்த அணி என்னைப் பின்னால நிக்க விடும்?”

“ஆட்டத்தை வித்தவன்னு பேர் வந்தா மட்டும் விடுவாங்களா?”

“அதுவும் வேணாம்.”

“ரெண்டும் வேணாம்னா எப்படிடா?”

“வாய் தவறிடுச்சுன்னு சொல்லிக்கறேன். எல்லாருக்கும் தவறுது. ஸ்ட்ரவுட்டுக்குத் தினம் தவறுது.” பிறகு கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்க. திரும்பக் கந்தல் கூடத்துக்குப் போனா, மூட்டையக்கூட இந்தக் கையால தூக்க முடியாது. நீங்க சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். சொன்ன நிமிஷத்திலிருந்து அது சரியா தப்பா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது. சொன்னால் மானம் மிஞ்சும், பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் இரண்டும் போகும் போலத் தெரிந்தது. ஆனால் அது அவன் மானம், அவன் பிழைப்பு. நான் யார் தீர்ப்புச் சொல்ல?

மத்தியானம் எஸ்ரா பின்கதவு வழியாக வந்தார். ஒரே நாளில் மனிதர் பாதியாகியிருந்தார். காலையில் தேவாலய வாசலில் கிடங்கு வண்டிக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்களாம். ‘எஸ்ரா, எடை எவ்வளவுன்னு நிலக்கரியையே கேட்டுப் பாரேன், பொய் சொல்லாது’ என்கிறார்களாம்.

“மிஸஸ் கீனன், நான் அவுட்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், இல்லையா?”

“திறந்தீங்க.”

“அப்ப ஏன் சொல்லல?”

“என்னைக் கேட்டா?”

“நஷ்டப்படறவனே வந்து ‘எனக்கு வேணாம், இது என்னுது இல்ல’ங்கறான். அதைவிடப் பெரிய சாட்சி உலகத்துல உண்டா? நான்தான் வருஷத்தை மாத்தி நினைச்சுட்டேனோன்னு தோணிடுச்சு.” கைக்குட்டையை எடுத்துத் தலையைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், கைக்குட்டையையே பார்த்தார். “அந்தப் பையன் ஏன் அப்படிச் சொன்னான்? உங்களுக்குத் தெரியுமா?”

வாக்குக் கொடுத்திருந்தேன். “தேநீர் குடிங்க” என்றேன்.

திங்கட்கிழமை கூடத்தில் நீளமான மேஜை. நடுவில் ப்ரெண்டிஸ், இரண்டு பக்கமும் சங்கத்தின் ஆட்கள் இருவர். ஸ்ட்ரவுட் சுவரோரம் நின்றான். பந்து குத்தியதைப் பார்த்தவள் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். எஸ்ராவை முதலிலேயே கேட்டு முடித்துக் கீழே அனுப்பிவிட்டார்கள். அவர் சொன்னதில் பாதி ஆம், பாதி இல்லை என்று ப்ரெண்டிஸ் எரிச்சலாகச் சொன்னார். டின்னி டட்டிலிடம் கடன் வாங்கிய காலர் போட்டிருந்தான். நெற்றிப் பொட்டில் நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. கேட்சரின் முகத்தில் காயம் இருப்பதும் மூக்கு இருப்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

“ஃபேஹி, ரெண்டாவது இன்னிங்ஸ்ல நீயே அவுட்னு கத்தினே. ஒன்பதாவதுல நீயே அவுட் இல்லங்கறே. நடுவுல என்ன நடந்தது?”

என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“வாய் தவறிடுச்சுங்க.”

“கேப்டன் பக்கத்துலயே நின்னு கத்தினாரே, அப்பவுமா தவறுச்சு?”

“ஆமாங்க.”

“யார் உன்னைப் பார்க்க வந்தாங்க? லின்டன்காரங்க யாராவது? பந்தயம் கட்டறவங்க?”

“யாரும் வரலீங்க.”

இப்படியே போயிற்று. திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், ஒரு முறை அன்பாக, ஒரு முறை அதட்டி. டின்னி நன்றாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான், ஆனால் குரல் உயர ஆரம்பித்தது. நெற்றியைக் கையால் அழுத்தினான். மேஜையின் கோடியில் இருந்தவர், “உன் மாதிரி ஆளுங்க கால்வாய்க்கரையில ஒரு புட்டி சாராயத்துக்கே எதையும் விப்பாங்க” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. என் மடியில் இருந்த குடையை அந்த ஆள் தலையில் போட்டிருப்பேன். டின்னி எழுந்து நின்றான்.

“நான் ஆட்டத்தை விக்கறவனா? என்னைப் பத்தித் தெரியணும்னா கேப்டனைக் கேளுங்க. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், அப்புறம் நீங்க என்ன பண்ணினாலும் சரி.”

ஸ்ட்ரவுட் சுவரைவிட்டு முன்னால் வந்தான். “நான் என்னத்தைச் சொல்ல? நான்தான் தொண்டை கிழியக் கத்தினேனே.”

டின்னி அவனை ஏற இறங்கப் பார்த்தான். மரியாதையாகத்தான் கேட்டான்.

“நீங்க யாருங்க? நான் கேப்டனைக் கேக்கச் சொன்னேன். லாலரைக் கூப்பிடுங்க. கீழே வாசல்லதான் சுருட்டுப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு.”



லாலரைப் பிப்ரவரியில் புதைத்தோம். நிமோனியா. நிலம் உறைந்து இரும்பாகக் கிடந்தது, நெருப்பு மூட்டி இளக்கித்தான் குழி வெட்டினார்கள். பெட்டியின் தலைமாட்டைத் தோளில் தூக்கிப் போனவன் டின்னி. அன்றைக்கு அவன் அழுத அழுகையை அந்த மேஜையில் இருந்த மூன்று பேரும் பார்த்தவர்கள்தான்.

ப்ரெண்டிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அப்போதுதான் முதல் முறையாக டின்னியின் நெற்றியைப் பார்த்தார். சாராயப் புட்டி என்று சொன்ன ஆள் மேஜை விரிப்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஸ்ட்ரவுட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“வேண்டாம் ஃபேஹி” என்றார் ப்ரெண்டிஸ், மெதுவாக. “லாலர் உனக்காகப் பேசுவார்னு எங்களுக்குத் தெரியும். உன் மேல ஒரு குற்றமும் இல்லை. நீ வீட்டுக்குப் போய் ஓய்வெடு.”

“நாளைக்குப் பயிற்சி இருக்குங்களே.”

“நாளைக்கு வேண்டாம்.”

அவன் மானம் காப்பாற்றப்பட்டது. நான் மனசார வேண்டிக்கொண்டது அதைத்தான். ஆனால் அது என் கண் முன்னால் கிடைத்தபோது, எனக்குக் கொதிக்கிற தண்ணீரை மடியில் கொட்டினது மாதிரி இருந்தது. அவன் ஒளித்து வைக்கச் சொன்னதை நான் பத்திரமாக ஒளித்து வைத்திருந்தேன், அவனே எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டான், வைத்தது அவனுக்கே தெரியவில்லை. இனி எந்த அணியும் அவனைக் கூப்பிடாது. அந்தக் கூடத்தில் அது தெரியாத ஒரே ஆள் அவன்தான். அழுதேன். அங்கேயே, எல்லார் முன்னாலும், குடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மாடிப்படியில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். சந்தோஷமாக இருந்தான்.

“எதுக்கு அழறீங்க மிஸஸ் கீனன்? பாத்தீங்களா, கேப்டன் பேரைச் சொன்னதும் எப்படி அடங்கிட்டாங்க!”

“பாத்தேன்டா.”

கீழே வாசலில் எஸ்ரா நின்றார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். மேலே ஜன்னல் திறந்திருந்தது, எல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“டின்னி, உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அன்னைக்கு மைதானத்துல நான்தான்…”

“அட விடுங்க மிஸ்டர் அம்பயர்” என்று டின்னி அந்தக் கோணல் கையால் அவர் தோளைத் தட்டினான். “ஊரே கத்தினாலும் நீங்க சரியாத்தானே சொன்னீங்க. ஒரு குத்து குத்தினா இந்த வருஷம் அவுட் இல்லையே. இல்லைதானே?”

எஸ்ரா என்னைப் பார்த்தார்.  அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். வாழ்நாளில் யாரிடமும் எதையும் தீர்மானமாகச் சொல்லாத மனிதர், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்:

“இல்லை டின்னி. இந்த வருஷம் அவுட் இல்லை.”